பேகம் பட்டினி கிடந்த நோன்பு மாதம்

பதுளை பசார் வீதியில் ஹாஷிம் நானாவின் கருவாட்டுக் கடை எங்கே என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. முதலில் மூக்குக்குத் தெரியும், பிறகு காதுக்குத் தெரியும், கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும். மனுஷனுக்கு அப்படியொரு தொண்டை. காலையில் பலகைக் கதவைக் கழற்றும்போது திறக்கிற வாய், மாலையில் அதைத் திரும்ப மாட்டும்வரை மூடாது. விலை கேட்டவரிடம் குடும்பத்தை விசாரிப்பார். குடும்பத்தைப் பற்றிச் சொன்னவரிடம் ஏதாவது சாக்கில் சண்டை பிடிப்பார். சண்டை பிடித்தவருக்கு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். ஊருக்கு அவர்மேல் கோபமும் வரும், அவர் இல்லாவிட்டால் பொழுதும் போகாது.

அவருடைய தகப்பன் கூடையில் கருவாடு சுமந்து பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கெல்லாம் ஏறி இறங்கியவர். ஹாஷிமும் இளவயதில் அந்த வேலைதான் பார்த்தார். சம்பள நாள் பார்த்துத் தோட்டத்துக்குப் போய், லயத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து வரும் சனம் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை மொத்த வியாபாரி பேச்சை நம்பி, ஈரம் பட்ட நெத்தலியை ருசி பாராமல் கொண்டுபோய் விற்றுவிட்டார். அடுத்த சம்பள நாளில் அந்த லயத்துப் பெண்கள் வைத்து வாங்கிய வாங்கு இருக்கிறதே, அதை அவர் கிழவனான பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்தான், நாக்கில் வைக்காத எதையும் வாங்குவதில்லை, விற்பதுமில்லை.

மாலைதீவிலிருந்து விறகுக்கட்டைபோல் காய்ந்து வரும் மாசி மீனை அவர் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். கத்தியால் ஒரு சிராய் சீவி, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். கடை நிசப்தமாகிவிடும். அந்த ஒரு நேரம்தான் அவர் வாய் பேசாது. கரையோரத்திலிருந்து சரக்கோடு வந்த வியாபாரிக்கு நெற்றியில் வியர்க்கும். கண்ணைத் திறந்து, இது மழையில் நனைந்து மறுபடி காய்ந்தது, கொண்டுபோ என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் முறையீடே கிடையாது.

நோன்பு மாதத்தில் மட்டும் இந்த நாக்குக்கு லீவு. நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது, வியாபாரிக்கும் சமைக்கிறவளுக்கும் அதற்கு இடமுண்டு என்று பள்ளிவாசல் லெப்பை எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஹாஷிம் நானா கேட்டால்தானே.

“என்ட நாக்க எனக்குத் தெரியும் லெப்பை. நுனியில வெச்சா அது வேர் மட்டும் இழுத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டார். ஆகவே நோன்பு பிறக்குமுன்னே மாதத்துக்கு வேண்டிய சரக்கையெல்லாம் சோதித்து வாங்கி அடுக்கிவிடுவார். பகல் முழுக்க எதையும் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோக மாட்டார். பேச்சும் பாதியாகக் குறையும், கோபம் இரண்டு மடங்காகும். பசார் வீதி அந்த மாதத்தில் அவரைக் கொஞ்சம் ஒதுங்கியே கடக்கும்.

இனி பேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேகம் ஒரு பூனை. பால் வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் சாம்பல் நிறம். கருவாட்டுக் கடைக்காரன் பூனை வளர்ப்பதைக் கண்டு ஊர் சிரித்தது. ஆனால் பேகம் ஒருநாளும் மூட்டையில் வாய் வைத்ததில்லை. தராசுக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் கால்மடக்கி உட்கார்ந்திருக்கும். எலி வந்தால் தொலைந்தது, வேறு பூனை எட்டிப்பார்த்தால் அதுவும் தொலைந்தது. நோன்பில்லாத நாட்களில் காலையில் கடை திறந்ததும் நானா ஒரு துண்டு மாசியை உடைத்து, தான் பாதியைக் கடித்து, மீதியைக் கையில் வைத்து நீட்டுவார். அது அந்தக் கையிலிருந்துதான் தின்னும். பெண்மக்கள் எல்லோரும் கல்யாணம் முடித்துப் பண்டாரவளைக்கும் கொழும்புக்குமாகப் போய்விட்டார்கள். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் அவரும் மனைவி பலீலாவும்தான். வீட்டில் மூன்றாவது ஆள் பேகம். மனுஷன் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார், சொல்லத்தான் மாட்டார்.

அறுபத்தொன்பதாம் வருஷம் நோன்பு மழைக்காலத்தில் வந்தது. பிறை கண்டு ஒரு வாரம் போயிருக்கும். மீன் மார்க்கட்டுப் பக்கத்துக் கடுவன் ஒன்று கடைக்குள் நுழையப் பார்த்திருக்கிறது. பேகம் விடுமா? பெரும் சண்டை. கடுவன் ஓடிவிட்டது, ஆனால் பேகத்தின் கழுத்தில் பல் ஆழமாக இறங்கிவிட்டது. மேலே காய்ந்து உள்ளே சீழ் வைத்து, கழுத்து வீங்கி, உடம்பு கொதித்தது. நானா சவுக்காரப் பெட்டி ஒன்றில் தான் உடுத்திக் கழித்த பழைய சாரத்தை விரித்து அதைப் படுக்கவைத்து, குடை பிடித்துக்கொண்டு மாட்டு டொக்டரிடம் ஓடினார்.

அந்த டொக்டர் சிங்களவர், தோட்டந்தோட்டமாகச் சுற்றித் தமிழ் பழகியவர். பசுவும் துரைமார் வீட்டு நாயும் பார்த்துப் பழகிய இடத்தில், அழுகிற மாதிரி நிற்கும் ஒரு கருவாட்டு முதலாளியையும் பெட்டிக்குள் ஒரு பூனையையும் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் பொறுமையாகச் சீழை எடுத்துக் கட்டிவிட்டார். கூட்டுக்குள் தூள் அடைத்த அன்டிபயட்டிக் குளிசை கொடுத்தார். காலையும் மாலையும் வாயைத் திறந்து முழுசாகப் போட வேண்டும், உடைக்கவே கூடாது, சாப்பாடு நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

முழுசாகப் போடுவதா? நீங்கள் பூனைக்குக் குளிசை போட்டுப் பார்த்திருந்தால் தெரியும். முதல் தடவை பேகம் அதைத் துப்பியது. இரண்டாம் தடவை நானாவின் முழங்கையைக் கிழித்தது. மூன்றாம் தடவை விழுங்கிவிட்ட மாதிரி நடித்து, அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடித்த பிறகு, போய் மூலையில் துப்பிவிட்டு வந்தது. அப்போதுதான் நானாவுக்குத் தன் தொழிலில் ஒரு வழி தோன்றியது. குளிசையை உடைத்து, உள்ளிருந்த தூளை, இடித்த மாசியில் கலந்தார். டொக்டர் சொன்னாரே என்று பலீலா தடுத்துப் பார்த்தாள்.

“என்ட மாசியின்ட வாசத்துக்கு முன்னால ஒரு குளிசை எம்மாத்திரம் புள்ள?” என்றார்.

அன்று பேகம் இரண்டு வாய் தின்றது. நானா பசார் வீதி முழுக்கப் பெருமையடித்தார். மாலையில் அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் முகரவுமில்லை. மாசி அலுத்துவிட்டதாக்கும் என்று நானா நல்ல பச்சை மீன் வாங்கி வந்து அவித்து, முள் எடுத்து, அதில் தூளைக் கலந்து வைத்தார். தொடவில்லை. ஆட்டு ஈரல் வந்தது, தொடவில்லை. அவித்த முட்டை, கோழி, பசும்பால் என்று வரிசையாக வந்தன. அவர் சாப்பாட்டை உயர்த்திக்கொண்டே போனார், எல்லாவற்றிலும் மறக்காமல் மருந்தைக் கலந்துகொண்டும் போனார். நோன்பாளி, எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. காலையிலும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் வைத்த தட்டை, பலீலா நோன்பு திறக்குமுன்னே எடுத்துக் கொட்டிக் கழுவிவிடுவாள்.

கடைசியில் அவர் கையில் தட்டைக் கண்டாலே பேகம் மூட்டை இடுக்குக்குள் போய் ஒளிந்தது. அதுதான் அவரை அடியோடு உடைத்துவிட்டது. தன் கையிலிருந்து மட்டும் தின்ற பிராணி தன் கையைக் கண்டு ஓடுகிறதே என்று பலீலாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? கண்ணூறு என்றார் ஒருவர். ஓதிய தண்ணீர் கொண்டு வந்தார் இன்னொருவர். வயிற்றில் தேங்காயெண்ணெய் தடவு என்றது ஒரு கட்சி, தடவாதே என்றது மறு கட்சி. கருவாடு வாங்க வந்த மேட்டுத் தோட்டத்து நல்லம்மா, வாய்த்துடுக்குக்காரி, கடையை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, “நானா, ஒங்க கருவாட்ட ஒங்க பூனையே தின்ன மாட்டேங்குதாமே, நாங்க எப்படிங்க நம்பி வாங்குறது?” என்றாள். வேறு நாளாயிருந்தால் அதற்கு ஒரு மணிநேரம் பதில் வந்திருக்கும். அன்று நானா பேசாமல் நிறுத்துக் கொடுத்தார். நல்லம்மாவுக்கே முகம் வாடிவிட்டது. கேலிக்குச் சொன்னேன் நானா, சாமிக்கு வேண்டிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுபடி டொக்டரிடம் போனார்கள். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, புண் நன்றாக ஆறுகிறது என்றார். உள்ளே போன கொஞ்ச மருந்து புண்ணைப் பார்த்துக்கொண்டது போலும். ஆனால் விலா எலும்பைத் தடவிப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இது இனிப் புண்ணால் சாகாது, பட்டினியால்தான் சாகும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பூனை இத்தனை நாள் தின்னாமல் கிடந்தால் ஈரல் கெட்டுவிடும், நாளைக்குள் தானாக ஒரு வாய் தின்றால் பிழைத்துவிடும், இல்லாவிட்டால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு நானா மீன், ஈரல், முட்டை என்று முழுதும் ஒப்பித்தார். தூள் கலந்ததை மட்டும் விழுங்கிவிட்டார். உடைக்காதே என்று இரண்டு தடவை சொன்ன மனுஷரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அன்று மாலை மழை விடவேயில்லை. நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் ஒரு மிடறு கஞ்சியும் உள்ளே போனது, அதற்கு மேல் இறங்கவில்லை. பலீலாவும் மனம் சோர்ந்து, அஸருக்கு வைத்த தட்டை எடுத்துக் கழுவாமலே விட்டிருந்தாள். நானா எழுந்து போய், மூட்டை இடுக்குக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். பெண்மக்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார்.

“இஞ்ச பாரு, வாப்பா திங்கிறேன். நல்லா ஈக்குது. நீயும் தின்னு” என்று சொல்லி, பூனையின் தட்டிலிருந்து ஒரு கிள்ளு மீனை எடுத்து வாயில் போட்டார்.

போட்டவர் துள்ளி எழுந்தார். கசப்பா அது! நாக்கு நுனியில் தொட்டது தொண்டைக்குழி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. முற்றத்துக்கு ஓடித் துப்பினார், மழைத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார், கஞ்சியைக் குடித்தார், சீனியை அள்ளிப் போட்டார். எதற்கும் மசியவில்லை. என்னமோ ஏதோ என்று பலீலா பதறி வந்து முதுகைத் தடவினாள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு முகத்தோடு அவளைப் பார்த்தார்.

“நாக்குல வெக்காத சாமான நான் ஊராருக்கே வித்ததில்ல புள்ள. இந்த வாயில்லாத சீவனுக்கு இத்தன நாளா இதையா ஊட்டப் பாத்தேன்!”

பலீலா நல்ல மனுஷி. நான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள், சொல்லவும் செய்தாள்.

விடிந்ததும் நானா டொக்டரிடம் தனியாகப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். டொக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் நிதானமாக விளக்கினார். பூனை ஒரு சாப்பாட்டில் ஒருதரம் மருந்தைக் கண்டுவிட்டால் அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும், அதைத் தந்த கையையும் சந்தேகிக்கும். மருந்தை நிறுத்தினால் புண் திரும்பும், ஆகவே நிறுத்தக்கூடாது. மருந்து கொடுக்கிற கை வேறாக இருக்கட்டும், சாப்பாடு கொடுக்கிற கை வேறாக இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டாம். இதுவரை மருந்து கலக்காத ஏதாவதொன்றை இளஞ்சூடாகக் கொஞ்சமே கொஞ்சம் வையுங்கள், சூட்டுக்கு வாசம் எழும்பும். பக்கத்தில் நின்று நச்சரிக்க வேண்டாம். இதில் கடைசிதான் உங்களுக்குக் கஷ்டம் என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

மருந்துப் பொறுப்பைப் பலீலா எடுத்துக்கொண்டாள். அத்தனை பெண்மக்களுக்கும் பேதி மருந்து புகட்டி வளர்த்தவள். பேகத்தைத் துவாயில் சுற்றிக் குசினிக்குக் கொண்டுபோய், குளிசையில் கொஞ்சம் பட்டர் தடவி, அடிநாக்கில் தள்ளி, தொண்டையைத் தடவி, ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டாள். பேகத்துக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்த நானாவை உள்ளே விடவில்லை.

சாப்பாடுதான் பெரும்பாடாகிவிட்டது. மருந்து கலக்காதது ஏதாவதொன்று வேண்டும். மாசியிலா, கலந்தாயிற்று. மீனிலா, ஈரலிலா, முட்டையிலா, கோழியிலா, பாலிலா? எல்லாவற்றிலும் ஆயிற்று. கல்லாப்பெட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நானா எண்ணி எண்ணிப் பார்த்தார். கண்ணெதிரே வீதிக்கு அந்தப் பக்கம், ஜௌபரின் பலசரக்குக் கடை வாசலில், டின்மீன் கோபுரமாக அடுக்கியிருந்தது.

இதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஹாஷிம் நானாவுக்கு டின்மீன் என்றால் ஆகாது. தோட்டத்துச் சனம் கருவாட்டை விட்டு அதன் பக்கம் சாய்கிறது என்ற வயிற்றெரிச்சல். டின்மீன் என்றால் சந்தூக்கில் வைத்த மையித்து, பெட்டிக்குள் கிடக்கிற பிணம் என்று ஒருநாள் நடுவீதியில் நின்று சொல்லிவிட்டார். உங்களுடையது சந்தூக்குக்கூட இல்லாமல் வெயிலில் போட்ட மையித்துத்தானே என்று ஜௌபர் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. பெருநாள் தொழுகையில்கூட ஆளுக்கொரு பக்கம்தான் நிற்பார்கள்.

பகல் முழுக்க நானா உட்கார்ந்தார், எழுந்தார், மூட்டை இடுக்கைப் போய்ப் பார்த்தார், வந்தார். பேகம் தலையைக் கால்மேல் வைத்துக் கிடந்தது. கூப்பிட்டால் அந்தச் சாம்பல் காது மட்டும் அசைந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்ததும் மனுஷன் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, குடைகூட எடுக்காமல் வீதியைக் கடந்தார். பசார் வீதி அப்படியே நின்று பார்த்தது. துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. இன்றைக்கு ஏதோ பெரிய கலகம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“ஒரு டின்மீன் தா” என்றார் ஹாஷிம் நானா, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜௌபர் யாருக்கு என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் அவருக்குத் தெரியாதா? கைக்கெட்டியதை எடுக்காமல் உள்ளே போய், புதிதாய் வந்த பெட்டியை உடைத்து ஒன்றை எடுத்து, துடைத்துக் காகிதத்தில் சுற்றினார்.

“நல்லாக் கழுவிட்டுக் குடுங்க நானா. உப்பு ஈக்கும்” என்றார். பிறகு, “நானும் துஆ செய்றேன்” என்றார்.

நானா தலையை ஆட்டினார்.

பலீலா டின்னை வெட்டிக் கொடுத்தாள். அவரே மீனை நன்றாகக் கழுவி, முள்ளைப் பிசைந்து எடுத்து, கஞ்சிப் பானையின் மூடிமேல் வைத்து இளஞ்சூடாக்கினார். தட்டு வேண்டாம் என்றார், தட்டைக் கண்டால் அது ஓடும். பாங்குக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் வெறும் உள்ளங்கையில் அந்தப் பிடி மீனை வைத்துக்கொண்டு கடையில் தராசுக்குப் பக்கத்தில், தினமும் உட்காரும் இடத்தில், போய் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. நச்சரிக்கவில்லை. ஹாஷிம் நானா பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எதிர்க்கடை வாசலில் கூட்டம் கூடியது. ஜௌபர் அவர்களையெல்லாம் சத்தமில்லாமல் விரட்டினார்.

மூட்டை இடுக்கிலிருந்து முதலில் மூக்கு வந்தது. பிறகு மெலிந்த உடம்பு தள்ளாடி வந்தது. கைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, மீனைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது. மீனைப் பார்த்தது, திரும்பவும் முகத்தைப் பார்த்தது. கிட்ட வரவில்லை.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது. உள்ளே பலீலா பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். அவர் எழுந்து போகவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, கையிலிருந்த டின்மீனில் பாதியைக் கிள்ளித் தன் வாயில் வைத்தார். மெதுவாக மென்றார், விழுங்கினார். மீதியை அப்படியே நீட்டினார்.

பேகம் அந்த ஒரு சாண் தூரத்தைக் கடந்து வந்தது. நாக்கை நீட்டி ஒருதரம் தொட்டது. நிறுத்தியது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது.

பேரீச்சம்பழத் தட்டோடு வாசலில் வந்து நின்ற பலீலா, பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாயிற்று, வாயில் ஒன்றும் வைக்காமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். ஹாஷிம் நானா திரும்பவில்லை. நீட்டிய கை அசைந்துவிடாமல் மறு கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

“சத்தம் போடாத புள்ள” என்றார், ஊர் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில். “திங்கிது.”